கடைசி பெஞ்சுக்குப் பட்டா

மே 6, செவ்வாய்

காலையில் மேலாளர் எல்லாரையும் பட்டறையில் கூடச் சொன்னார். லிஃப்ட் பழுது பார்க்கும் ஆட்கள் நாங்கள் கிரீஸ் கையோடு வரிசையாக நின்றோம். புதிய சூப்பர்வைசர் வேறு கிளையிலிருந்து வருகிறாராம். அடுத்த திங்களே சேர்கிறார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்து முடித்த ஸ்பேனர்.

"என்ன பாஸ்டர், உங்களுக்குத்தான் வரும்னு நினைச்சோமே" என்றான் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்பதால் பட்டறையில் எனக்கு அந்தப் பட்டப்பெயர். "எனக்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாதுப்பா" என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே சொன்னேன்.

"ஆசை இல்லாதவர் எதுக்குச் செருப்பை இப்படி உதறுறீங்க?" என்றாள்.

இந்த நோட்டு அவள் வாங்கித் தந்தது. "தினமும் என்கிட்டப் புலம்புறதுக்குப் பதிலா, நன்றி சொல்ல ஒண்ணாவது யோசிச்சு எழுதுங்க. ஆண்டவரும் உங்க வாயிலிருந்து ஒரு நல்ல சேதி கேக்கட்டும்" என்று போன மாதம் கையில் திணித்தாள்.

நன்றி: காபி சூடாக இருந்தது. இன்றைக்கு இவ்வளவுதான் முடியும்.


மே 12, திங்கள்

புதியவர் வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். தேய்த்த சட்டை, மெல்லிய குரல். வந்ததும் நேராக என்னிடம் வந்து, "அண்ணே, இங்க நீங்கதான் மூத்தவர்னு சொன்னாங்க. எனக்குத் தெரியாதது நிறைய இருக்கும், சொல்லிக் கொடுங்க" என்றார்.

திமிர் பிடித்தவராக வந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! இப்படிப் பணிவாகப் பேசுகிற ஆளை எப்படி வெறுப்பது? அதற்கு ரொம்பச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. மனசு அந்தச் சிரமத்துக்கும் தயாராகத்தான் இருக்கிறது.

நன்றி: மருத்துவமனை லிஃப்டில் கதவு மூடாமல் அடம்பிடித்த கோளாறை நான் கண்டுபிடித்தேன். நான்.


மே 18, ஞாயிறு

என் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்!

கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். எங்கள் ஆலயத்தில் இடது பக்கம் கடைசியில் ஒரு குட்டைப் பெஞ்சு. பக்கவாட்டுக் கதவுக்கு வழிவிட வேண்டும் என்று பாதியாக அறுத்து வைத்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். எனக்குக் கல்யாணமான காலத்திலிருந்து நானும் இவளும் அங்கேதான் உட்காருகிறோம். விருந்துக்குப் போனால் முதலிடத்தைத் தேடாதே, கடைசி இடத்தில் போய் உட்கார் என்று இயேசு சொன்ன கதையை இளவயதில் ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குக் கடைசி பெஞ்சு. போதகர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் "முன்னாடி வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே கைகூப்பிவிடுவேன்.

இன்று போனால், அங்கே தேய்த்த சட்டையோடு நம் சூப்பர்வைசர். அவரும் விசுவாசிதானாம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடி வந்திருக்கிறாராம். சரி, வரட்டும், சந்தோஷம். ஆனால் பக்கத்து இடத்தில் தன் வேதப்புத்தகத்தை வேறு வைத்திருந்தார், இன்னொருவர் உட்காரக் கூடாது என்பது போல. ஒரு ஆளுக்கு இரண்டு இடமா?

"ஸ்தோத்திரம்ணே" என்று எழுந்து நின்றார். "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பெஞ்சு முன்னே போய் உட்கார்ந்தேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் இப்போது எனக்குத் தெரியாது.

வழியில் இவளிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு சந்தேகம். லேட்டா வந்து கடைசியில உக்காந்தா சோம்பேறித்தனம். சீக்கிரமே வந்து கடைசியில உக்காந்தா தாழ்மையா?"

நன்றி: (யோசித்து நாளை எழுதுகிறேன்.)


மே 19, திங்கள்

பட்டறையில் அவர் முகத்தில் ஏதாவது குற்றம் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு மச்சம்தான் இருந்தது.


மே 25, ஞாயிறு

இன்றும் அங்கேதான். பக்கத்தில் அதே வேதப்புத்தகம்.

அது மட்டுமில்லை. பக்கவாட்டுக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொள்கிறார். நான் அங்கே உட்கார்ந்த காலத்தில் அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருப்பேன். தெருச் சத்தம் வரும், காற்றில் பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் படபடக்கும். இன்று போதகரின் மனைவி எழுந்து போய்ச் சாத்தினார். அந்தக் கீல் போடும் சத்தம் ஊருக்கே கேட்கும். ஆலயமே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கிறீச். திரும்பினேன். புதியவர் மெல்லத் திறந்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"ஊர் லிஃப்டுக்கெல்லாம் கிரீஸ் போடுறீங்க, ஆண்டவர் வீட்டுக் கதவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?" என்று இவள் வருஷக்கணக்காகக் கேட்கிறாள். விட வேண்டும், விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நன்றி: இவளுடைய வாய்க்கு. சில சமயம் அது எனக்கு மருந்து. இன்றைக்கு இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.


ஜூன் 3, செவ்வாய்

இன்று துணிக்கடைக் கட்டடத்தில் லிஃப்டின் அடிக்குழியைச் சுத்தம் செய்யும் வேலை. பெட்டி கீழே வந்து நிற்கும் இடத்துக்கும் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். வாசலில் இருக்கும் இடைவெளி வழியாக மக்கள் தவற விடுவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். சாவி, பேனா, ஒற்றைக் கம்மல், பித்தான். எவ்வளவு தேடியிருப்பார்கள், எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்! பொருள் பாட்டுக்கு அடியில் தூசியில் கிடக்கும். அந்தக் குழியில் இறங்கும்போதெல்லாம் எனக்கு உலகப் பொருள் மேலே இருக்கும் ஆசை கொஞ்சம் விட்டுப்போகும். மேலே ஏறியதும் திரும்ப வந்துவிடும்.

சூப்பர்வைசர் குழியில் இறங்க வேண்டியதே இல்லை. ஆனால் புதியவர் இறங்கினார், அந்தத் தேய்த்த சட்டையோடு. கூட்டி அள்ளினார். அள்ளிய குப்பையில் சிறுபிள்ளைகள் தலையில் மாட்டும் கிளிப் ஒன்று, மஞ்சள் நிறத்தில். அதை எடுத்து ஊதித் துடைத்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மேல ஆபீஸ்ல கொடுத்துடலாமா?" என்றேன்.

"யாரு இதைத் தேடி வரப் போறாங்கண்ணே" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம், எதற்கென்று சொல்லாமலே, மறுபடியும் கூட்டத் தொடங்கினார். நானும் கேட்கவில்லை.

நன்றி: அந்த வேலை சீக்கிரம் முடிந்தது.


ஜூன் 8, ஞாயிறு, மதியம்

ஜெயித்துவிட்டேன்!

இன்று ஆராதனை முடிந்ததும் தேநீர் கொடுக்கும் முறை இவளுடையது, அதனால் சீக்கிரமே கிளம்பினாள். நானும் கூடவே போய்விட்டேன். ஆலயம் திறந்த கையோடு என் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கவாட்டுக் கதவைச் சாத்தினேன். இவளுக்காகப் பக்கத்து இடத்தில் என் வேதப்புத்தகத்தை வைத்தேன். அப்பாடா என்று இருந்தது. பெஞ்சின் கைப்பிடியில் என் கை படும் இடம் வழவழப்பாக இருக்கும். அதைத் தடவிப் பார்த்தேன்.

புதியவர் வந்தார். என்னைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தவர், "பரவாயில்லைண்ணே" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லையே, எதற்குப் பரவாயில்லை? நடுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் தவித்துக்கொண்டே இருந்தார். ஜெபம் நடக்கும்போதே எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவில்லை. ஒரு பெஞ்சு கிடைக்காததற்கு இவ்வளவு கோபமா என்று நினைத்தேன்.

நன்றி: கடைசி இடத்துக்கு.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இவளை இன்னும் காணோம்.


அதே நாள், மாலை

மேலே எழுதியதைக் கிழித்துப் போட வேண்டும் போல் இருக்கிறது. வேண்டாம். இருக்கட்டும், நான் பார்க்க வேண்டும்.

இவள் வந்ததும் சாப்பிட உட்காரவில்லை. கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

தேநீருக்குச் சர்க்கரை போதாமல் வாங்கப் போயிருக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண், காலில் செருப்பில்லாமல், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். இவள் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு ஓடி வந்தவர் புதியவர். அவள் அவர் மனைவி.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்து போய்விட்டாள். பழைய ஊரில், அவர்கள் ஆலயத்தில், பீடத்துக்கு முன்னால் அந்தச் சின்னப் பெட்டியை வைத்திருந்தார்களாம். தாய் கடைசியாக உள்ளே வந்திருக்கிறாள். ஆலயமே திரும்பிப் பார்த்திருக்கிறது. அந்தப் பார்வைகள் வழியாகவே அந்தப் பெட்டி வரைக்கும் நடந்திருக்கிறாள். அதற்குப் பிறகு எந்த ஆலயத்தின் வாசலையும் அவளால் தாண்ட முடியவில்லை.

"நீங்க போங்க, நான் கூட வந்து கார்லயே உக்காந்துக்கிறேன்" என்றாளாம். "கதவைத் திறந்து வெச்சு, உங்க முதுகு தெரியிற மாதிரி உக்காருங்க. அது தெரிஞ்சா போதும், நானும் உள்ள இருக்கிற மாதிரி இருக்கும்." அதனால்தான் அந்தப் பெஞ்சு. எதிர் மரத்தடியில் கார் நிறுத்தினால் அந்தக் கதவு வழியாக அந்த ஒரு மூலைதான் தெரியும். பக்கத்து இடத்தில் வேதப்புத்தகம் வைத்தது, என்றைக்காவது எழுந்து வந்துவிட்டால் அவளுக்கு இடம் இருக்க வேண்டுமே என்று.

இன்று கதவு சாத்தியிருந்தது. முதுகு தெரியவில்லை. காரை விட்டு இறங்கிக் கதவு வரைக்கும் வந்திருக்கிறாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆலயக் கதவு வரைக்கும். தள்ளினால் அந்தச் சத்தம், எல்லாரும் திரும்புவார்கள். தள்ள முடியாமல், நிற்கவும் முடியாமல், எங்கேயோ நடந்துவிட்டாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். கைப்பிடியைத் தடவிக்கொண்டு!

என்ன மனுஷன்டா நீ? உனக்கு எதுக்கு அந்தப் பெஞ்சு? உக்காந்தியே இத்தனை வருஷம், அங்கேயிருந்து வெளியே யாரு தெரியிறாங்கன்னு ஒரு நாள் பாத்தியா? எல்லாரும் உன்னைப் பாக்கணும், பாவம், எவ்வளவு தாழ்மைன்னு சொல்லணும். அதானே?

இவள் என்னைத் திட்டவே இல்லை. தட்டில் சோறு போட்டு வைத்தாள். திட்டியிருக்கலாம்.


ஜூன் 9, திங்கள்

அவர் வருவதற்கு முன்பே பட்டறை வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க நிறைய வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும், "தம்பி, அந்தக் கதவை நான்தான்..." என்பதற்கு மேல் வரவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னண்ணே பண்ணீங்க? தப்பு என்மேலதான். அது உங்க இடம்னு முதல் வாரமே ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அது உங்கள் இடம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கடைசி இடத்துக்குப் போய்ப் பட்டா போட்டு, வேலி கட்டி, வாசலில் நாயாக நானே காவலும் இருந்திருக்கிறேன். பதவி ஆசை இல்லாதவனாம்!

லிஃப்டில் ஒரு விஷயம் உண்டு. பெட்டி மேலே ஏற வேண்டும் என்றால் சுவருக்குப் பின்னால் இரும்புக் கட்டிகள் கீழே இறங்க வேண்டும். ஏறுகிறவர் யாரும் அந்தக் கட்டிகளைப் பார்ப்பதில்லை. இறங்குகிறதைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவை கேட்பதும் இல்லை.

நன்றி: அவர் என் கையைப் பிடித்ததற்கு. கிரீஸ் கை.


ஜூன் 15, ஞாயிறு

இரண்டு பேருமே வரவில்லை. அந்தப் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை, என்னுடையது என்று நினைத்து. நானும் உட்காரவில்லை. வெறும் பெஞ்சுக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.


ஜூன் 17, செவ்வாய்

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவர் பழைய ஊருக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கார். போனா அடுத்து நீங்கதான். தயாரா இருங்க" என்றார்.

மனசு ஒரு குதி குதித்தது. எழுதித்தான் ஆக வேண்டும், குதித்தது. பதவியும் வரும், பெஞ்சும் வரும். பழம் நழுவிப் பாலில் விழுகிறது. வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். ஒரு தடவை கழுவினால் போதவில்லை.

"ஆண்டவரே, அவங்க போகக் கூடாது" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் கை கழுவிய வெல்டர், "யாரு பாஸ்டர்?" என்றான். "உனக்கு எதுக்கு?" என்றேன். ஆனால் சொன்ன பிறகு மனசு இலேசாக இருந்தது. பொய்யாகச் சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது.


ஜூன் 18, புதன்

அவரிடம் போய்ப் பேசினேன். "போகாதீங்க தம்பி" என்றேன்.

"அங்க போனா அவ வீட்டை விட்டே வெளிய வரமாட்டாண்ணே, தெரியும். ஆனா இங்கயும் அன்னிக்கு அப்புறம் கார்ல ஏற மாட்டேங்கிறா. எனக்கு எதுவும் புரியல."

"பெஞ்சு காலியா இருக்கும். கதவு திறந்திருக்கும். ஒவ்வொரு வாரமும். அதுக்கு நான் பொறுப்பு. நீங்க தனியாவாவது வாங்க."

அவர் தலையாட்டினார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றி: பேச வாய் வந்ததற்கு.


ஜூன் 22, ஞாயிறு

முதல் ஆளாகப் போனேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அசையாமல் இருக்க ஒரு செங்கல்லை அண்டை கொடுத்தேன். பிறகு நடுவில் எங்கேயாவது உட்காரலாம் என்று பார்த்தேன். எங்கே உட்கார்ந்தாலும் கண் அந்தப் பக்கமே போகும் போல இருந்தது. திரும்பிப் பார்க்கவே முடியாத இடம் ஒன்றுதான்.

முன் வரிசை!

இவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "உடம்பு சரியில்லையா?" என்றாள். பிறகு கூடவே வந்து உட்கார்ந்தாள்.

முன் வரிசையைப் பற்றி இத்தனை வருஷமாகத் தப்பாக நினைத்திருக்கிறேன். கௌரவம் ஒன்றும் இல்லை. கண் அயர முடியாது, கொட்டாவி விட முடியாது, போதகர் உணர்ச்சிவசப்பட்டால் எச்சில் தெறிக்கிறது. என் வழுக்கையை ஆலயம் முழுக்கப் பார்க்கிறது. போதகரோ, கடைசியில் என்னை முன்னால் வரவழைத்துவிட்டோம் என்று பூரித்துப்போய் இரட்டிப்பு நேரம் பிரசங்கித்தார்.

பக்கவாட்டுக் கதவின் காற்று அங்கே வரைக்கும் வருகிறது. பாட்டுப் புத்தகத்தின் தாள் நிற்காமல் புரண்டது. கண்ணாடிக் கூட்டை மேலே வைத்துச் சமாளித்தேன்.

புதியவர் தனியாக வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாராம். வீட்டுக்கு வந்தபின் இவள் சொன்னாள்.

நன்றி: வந்தாரே!


ஜூன் 26, வியாழன்

இவள் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறாள். "என்ன பேசினீங்க?" என்றேன்.

"வெங்காயம் உரிச்சோம்."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லணும்னு சட்டமா? ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தத் தங்கச்சி எப்பவாவது வந்தா, நீங்க திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் பார்த்தாலும் நீங்க பார்க்கக் கூடாது. அந்தப் பார்வைதான் அவளுக்குத் தாங்கல."

திருத்த வேண்டியது நான் செய்த தப்பு. அது திருந்தியதா என்று பார்க்கும் உரிமை மட்டும் எனக்கு இல்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது. நியாயமாகவும் இருக்கிறது.


ஜூன் 29, ஞாயிறு

ஆலயத்துக்குள் நுழையும்போது இவள் என் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "கார்."

நன்றி, நன்றி, நன்றி.


ஜூலை 6, ஞாயிறு

நல்ல மழை. திறந்த கதவு வழியாகச் சாரல் அடித்துத் தரையெல்லாம் தண்ணீர். ஆலயத்தைப் பெருக்கிப் பூட்டும் பணியாளர் கோபமாக வந்தார். "கதவைச் சாத்தினா குடி முழுகிடுமா? யாரு இதைத் துடைக்கிறது?"

"நான் துடைக்கிறேன்" என்றேன். ஆராதனை முடிந்ததும் துடைத்தேன். மண்டியிட்டுத் துடைக்கும்போது போதகர் பார்த்துவிட்டு, "இதல்லவா தாழ்மை!" என்றார். உள்ளுக்குள் பழைய ஆள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தீனி போட்டால் வளர்ந்துவிடுவான். "இல்லய்யா, கதவைத் திறந்து வெச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தேன்.


ஜூலை 12, சனி

இன்று ஒரு யோசனை வந்து மனசு இரண்டாகப் பிளந்தது.

அந்தக் கதவின் சத்தம். அந்தத் தங்கச்சி உள்ளே வந்து அதைச் சாத்தினால் ஆலயமே திரும்பும். அன்றைக்கு அவளைத் தள்ள விடாமல் செய்ததும் அந்தச் சத்தம்தானே. அப்படியென்றால் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். வருஷக்கணக்காகச் செய்யாத வேலை.

ஆனால் ரகசியமாக ஒரு ஆசை வைத்திருந்தேன். திரும்பிப் பார்க்கத்தானே கூடாது? காது கேட்கலாமே. இருவரும் உள்ளே இருந்தால் கதவைத் திறந்து வைக்கத் தேவையில்லை. என்றைக்காவது முன் வரிசையில் இருக்கும்போது பின்னால் அந்தக் கிறீச் சத்தம் கேட்டால், தெரிந்துகொள்வேன். அந்த ஒரு சந்தோஷமாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். எண்ணெய் விட்டால் அதுவும் போச்சு.

இதையும் விட வேண்டுமா, ஆண்டவரே? இத்தனூண்டு ஆசையையுமா?

எண்ணெய்க் குப்பியும் கிரீஸும் எடுத்துக்கொண்டு போனேன். கீல்களைக் கழற்றித் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, திரும்ப மாட்டினேன். லிஃப்ட் கதவுக்குக்கூட இவ்வளவு பக்குவமாகச் செய்ததில்லை. திறந்து மூடினேன். பூனை நடந்தது போல இருந்தது. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். துக்கம் இல்லை. வேறு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இவளிடம், "கதவுக்கு எண்ணெய் விட்டுட்டேன்" என்றேன். வழக்கமாக ஏதாவது சொல்வாள். இன்று காபி போட்டுக் கொடுத்தாள்.


ஜூலை 15, செவ்வாய்

புதியவர் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். மேலாளர் என்னை இழவு வீட்டுக்கு வந்தவர் போலப் பார்த்தார். "வருத்தப்படாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதவி போனதற்குச் சிரிக்கிற ஆளை அவர் இப்போதுதான் பார்த்திருப்பார்.

நன்றி: இந்தச் சிரிப்புக்கு. எங்கிருந்து வந்ததென்று தெரியும்.


ஜூலை 20, ஞாயிறு

கதவு திறந்திருந்தது. காற்று. கண்ணாடிக் கூடு.


ஜூலை 27, ஞாயிறு

வழக்கம்போல் கதவுக்குச் செங்கல்லை அண்டை கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். காற்று பலமாக இருந்தது. முதல் பாட்டு முழுக்கத் தாளோடு மல்லுக்கட்டினேன். கண்ணாடிக் கூட்டை வைத்து அதன்மேல் கையையும் வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றோம். பாடிக்கொண்டே இருக்கும்போது, கழுத்தில் படும் காற்று இல்லை என்று தோன்றியது. கையை எடுத்தேன். பிறகு கண்ணாடிக் கூட்டையும் எடுத்தேன். தாள் அப்படியே கிடந்தது.

காற்று நின்றுவிட்டதோ என்று முன் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மரம் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. யாரும் திரும்பவில்லை. எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். என் கழுத்து மட்டும் தானாகத் திரும்பப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து இவள் என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். திரும்பினால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவளுக்கும் கண்ணில் தண்ணீர்.

எனக்குப் பாட்டு வரவில்லை. நின்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

ஆராதனை முடிந்த பிறகும் எழவில்லை. ஆலயம் காலியாகும் வரைக்கும் பீடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்தபோது மரத்தடியில் கார் இல்லை. வழியில் இவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நன்றி: தாள் அசையவில்லை.